மச்சானுக்கு வைத்த தகடு

3 ஜனவரி, சனி

விடிந்ததிலிருந்து மழை. சனி, கந்தோரில் வேலை இல்லை. செய்துகொண்டிருப்பது வெள்ளைக்காரன் காலத்து ஈரிறக்கை விமானத்தின் மாதிரி; கீழ் இறக்கையின் விலா எலும்புகள் இருபத்திரண்டும் முடிந்தன. எல்லாம் தென்னை ஈர்க்கு. சீவும்போது மூன்று உடைந்தன. மூன்று தடவையும் மு.ம.வை நினைத்துக்கொண்டிருந்தேன். கை தானாக இறுகிவிடுகிறது.

மு.ம. என்றால் முஸ்தபா மச்சான். தங்கச்சியின் புருஷன். ஓய்வுபெற்ற சித்திர மாஸ்டர். நூலக மண்டபத்தில் வருசா வருசம் நடக்கும் கைவேலைக் கண்காட்சிக்கு நிரந்தர நடுவர். போன வருசம் என் முதல் விமானத்தை, எட்டு மாத வேலையை, அரை நிமிடம் பார்த்துவிட்டு மைக்கில் சொன்னார்: "இது கடையில வாங்கி ஒட்டின சாமான். கைவேலை இல்ல." அண்ணன் என்ற மரியாதையில் காக்கா என்று கூப்பிட்ட ஊருக்கு அன்றிலிருந்து நான் ஒட்டுக் காக்கா.

இதையெல்லாம் எழுதி வைக்கக் காரணம்: வயது ஐம்பத்திரண்டு. மறந்துபோய் மன்னித்துவிடக் கூடாது.

4 ஞாயிறு

மழை விட்டது. மீன் வாங்கப் போனேன். மீன்காரர் பாரையை இரண்டாக வெட்டிவிட்டு, "ஒட்டுக் காக்கா, தலையும் வாலும் வேறவேறயாத் தாறன். வீட்ட போய் ஒட்டிக்கொள்ளுங்க." பக்கத்தில் நின்றவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நானும் சிரித்தேன். பாரை நல்ல பாரை.

இதுவரை ஆனவை:
சக்கரம்: சைக்கிள் வால்வு டியூப், வட்டமாக வெட்டியது.
எஞ்சின்: தீக்குச்சியில் நூல் சுற்றிய சிலிண்டர், ஒன்பது.
விமானியின் ஆசனம்: பன் பாயிலிருந்து உருவிய நார், பின்னியது. பாய் பெண்சாதியின் தாய்வீட்டுப் பாய். அவளுக்கு இன்னும் தெரியாது.
உடல்: ஐஸ்பழக் குச்சி. ஒரு மாதமாக நான் தின்ற ஐஸ்பழம். இருமல் இன்னும் போகவில்லை.

விமானி கிடையாது. உருவம் செய்வது கூடாது என்று மு.ம. பள்ளிவாசலுக்குக் கேட்கக் கத்துவார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க மாட்டேன்.

6 செவ்வாய்

முட்டாள்தனம். மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் இடையில் குறுக்கும் மறுக்குமாக இழுக்கும் கம்பிகளுக்கு மருதமுனைத் தறிநூல் வாங்கி வந்தேன். ஊர் நூல் இருக்க வேறு நூல் எதற்கு என்ற பெருமை. நேற்று வெயிலில் கட்டினேன், வீணை மாதிரி விறைப்பு. இன்று காலை மழை ஈரம் குடித்து நூல் சுருங்கி, இறக்கை நாலும் கோழி சிலிர்த்த மாதிரி வளைந்து நிற்கிறது.

நெசவு செய்கிற கூட்டாளிக்குப் போன் போட்டேன். "பருத்தி நூல் ஈரத்துக்குச் சுருங்காம என்ன செய்யும்? ஒங்கட சாரன் சுருங்கல்லியா?"

சுருங்கியது. என் வயிறுதான் பெருத்துவிட்டது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் அறுத்துவிட்டு, மீன் பிடிக்கும் தங்கூசி நைலோன் நூலில் மறுபடி கட்டினேன். விரல் நுனியில் எட்டு வெட்டு. அதையும் மு.ம.வின் கணக்கில் போடுகிறேன்.

8 வியாழன்

இன்று பெரிய வேலை. தகடு.

மு.ம. கழுத்தில் எப்போதும் பூதக்கண்ணாடி தொங்கும், டொக்டரின் குழாய் மாதிரி. குறை பிடிக்க விமானி இருக்கும் குழிக்குள் கண்டிப்பாக எட்டிப் பார்ப்பார். அங்கே, மானிகளுக்குக் கீழே, ஒரு சின்ன அறிவித்தல் பலகை. வெறும் கண்ணுக்குக் கோடு. பூதக்கண்ணாடிக்கு மட்டும் எழுத்து.

முறை: பால்மா டின்னின் உள்மூடித் தாள். கறுப்புப் பெயின்ட். காய்ந்ததும் தையல் ஊசியால் சுரண்டினால் எழுத்து வெள்ளியாகத் தெரியும். மூச்சைப் பிடித்து ஓர் எழுத்து, விட்டு ஒரு மூச்சு. ஆறாவது தாளில் சரிவந்தது:

"இதைக் கண்ணாடி வைத்து வாசிப்பவர் பொய்யர்."

பெண்சாதி தேத்தண்ணியோடு வந்து பார்த்தாள். "என்ன தகடு அது? ஆருக்குச் செய்வினை?"

"விமானத்துக்கு."

"அல்லாட காவல். ஒங்களுக்கு என்னமோ புடிச்சிட்டு. பாய்க்கு என்ன நடந்த?"

11 ஞாயிறு

சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். கொளுத்தும் வெயில். வாசலில் மு.ம. எனக்குப் பக்கத்தில் நின்ற வீடியோக்காரருக்கு சலாம் சொன்னார், எனக்கில்லை. திமிர்.

பிறகு சோதனை. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹன். எங்கள் சஹனில் ஓரிடம் காலி. வந்து குந்தியவர் யார்? அவரேதான். இறைச்சியைப் பிய்த்து எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளிவைப்பது மரியாதை. மு.ம. பெரிய துண்டாக எடுத்தார், நீட்டினார், என் வெள்ளைச் சேட்டின் கையில் வைத்தார். சோற்றில் இல்லை. சேட்டில்.

"தின்னு மச்சான். ஒட்டுற வேலைக்குத் தெம்பு வேணுமே."

சஹன் முழுக்கச் சிரிப்பு. ஒரே தட்டில் கை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்க ஏலாது. வட்டிலப்பத்தில் என் பங்கையும் அவரே தின்றார்.

12 திங்கள்

கந்தோருக்கு லீவு. பழைய தகட்டைப் பிடுங்கினேன். புதியது, நாலாவது தாளில். "வாசிப்பவர் பொய்யர்" போய் "வாசிப்பவன் பொய்யன்" ஆயிற்று. மரியாதை சேட்டோடு போய்விட்டது. கறை போகவில்லை.

17 சனி

கண்காட்சி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மண்டபம் நிறையச் சனம். தங்கச்சியும் வந்திருந்தாள். மு.ம. என் மேசைக்கு வந்தார். இறக்கையை விரலால் தடவினார், நுனியிலிருந்து நுனி வரை, மெதுவாக. பிறகு பூதக்கண்ணாடி. குழிக்குள் குனிந்தார். இதற்காகத்தான் ஒரு வருசம்.

நிமிர்ந்தார். முகத்தில் கோபமே இல்லை. என் காதோடு: "மச்சான், உள்ளுக்கு என்னமோ எழுதிக் கிடக்கு. வெள்ளையாத் தெரியிது, எழுத்துப் புடிபடல்ல. ரெண்டு கண்ணுலயும் வெள்ள படர்ந்திருக்கு, ரெண்டு வருசமா. ஒண்ட தங்கச்சிக்கும் சொல்லல்ல, சொன்னா ஒப்பரேசனுக்கு இழுத்திட்டுப் போவாள். நீ வாசி."

இரண்டு வருசம். அப்படியானால் போன வருசம் அவர் என் விமானத்தைப் பார்க்கவே இல்லை. கலியாணத்தில் என் சேட்டின் கையையும் பார்க்கவில்லை. வாசலில் என்னையும்.

முதலிலேயே சொல்லியிருந்தால் பெரிய எழுத்தில் எழுதியிருப்பேன்.

அதற்குள் பூதக்கண்ணாடியை என் கையில் திணித்து, மைக்கை என் வாயில் வைத்துவிட்டார். "செஞ்சவரே வாசிப்பார், கேளுங்க!"

கண்ணாடி வைத்தேன். தெளிவாகத் தெரிந்தது. நல்ல வேலை, நானே சொல்லக் கூடாது. வாசித்தேன்:

"பறக்கும்போது எழுந்து நிற்க வேண்டாம்."

கைதட்டல். பின்னாலிருந்து மீன்காரரின் குரல்: "வெள்ளக்காரன் தமிழ்லயா எழுதி வெச்சான்?"

"மொழிபெயர்ப்பு" என்றேன்.

மு.ம. மைக்கை வாங்கினார். "நான் விரலால தடவிப் பாத்தன். ஒரு ஈர்க்கு மாதிரி மத்த ஈர்க்கு இல்ல. எல்லாம் கோணல். கடச்சாமான் இவ்வளவு கோணலா வராது. இது சத்தியமாக் கைவேல. முதல் பரிசு."

ஒரு வருசமாக நான் கேட்க ஆசைப்பட்ட வசனம். கோணல் இல்லாமல் சொல்லியிருக்கலாம்.

18 ஞாயிறு

மழை. கிண்ணம் அலமாரியில். பெண்சாதி அதற்குள் பேரீச்சம்பழம் போட்டுவிட்டாள். மீன்காரர் "காக்கா" என்றார், வெறும் காக்கா. மத்தியானம் வரை சந்தோஷம்.

பின்னேரம் மு.ம. போன். "மச்சான், நல்ல சேதி. ஒண்ட விமானம் ஒரு மாசம் நூலகத்துல, சனம் பாக்க. கண்ணாடிப் பெட்டி பூட்டியாச்சு, தெறப்பு என்னட்ட. அந்த எழுத்த எல்லாரும் வாசிக்கட்டும் எண்டு எண்ட பூதக்கண்ணாடிய அதிலேயே கட்டிப் போட்டிருக்கன். எனக்கு இனி என்னத்துக்கு?"

ஒரு மாதம். ஊர் முழுக்க, ஒவ்வொருவராக, குனிந்து.

கேட்டேன்: "முதல்ல ஆரு பாக்க வாற?"

"ஒண்ட தங்கச்சிதான். இப்பதான் வெளிக்கிட்டுப் போறாள்."