கல் மேல் உட்கார்ந்திருக்கும் குரல்

தம்பிக்கு,

இன்று காலை திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உன் குரலைக் கேட்டேன். வகுப்பு முழுக்க நீதான். பிள்ளைகளுக்குக் கொடுத்த இயர்போன்களில் பாதி வேலை செய்யவில்லை, போகட்டும், சத்தமாகவே வைத்து விளையாடுங்கள் என்று டீச்சர் விட்டுவிட்டார். ஜன்னல் பக்கம் நீ, கடைசி பெஞ்சில் நீ, இடமில்லாமல் தரையில் உட்கார்ந்தவர்களின் போனிலும் நீ. "இன்னா மாமு, தோளு வலிக்குதா? இந்தா, ஒண்ணு போட்டுக்கோ, செரியா பூடும்." ஒருத்தனிடம் முடிப்பதற்குள் இன்னொருத்தனிடம் ஆரம்பிக்கிறாய். உயிரோடு இருந்தபோதும் நீ வாயை மூடியவன் இல்லை.

தண்ணீர் குடிக்கப் போவது போல வராந்தாவுக்கு வந்து நின்றுகொண்டேன். மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வழக்கமான எண்ணெய் நாற்றம் அடித்தது. கண் எரிந்ததற்கு அதைக் காரணம் சொல்லலாம்.

நடந்ததை உனக்கே திருப்பிச் சொல்வது அபத்தம்தான். ஆனால் வீட்டில் அம்மா எல்லோரிடமும் உனக்கு நெஞ்சுவலி என்கிறாள். கோயிலில் உன் ஆத்மாவுக்காகப் பூசைக்கு எழுதிக் கொடுத்தபோதும் அப்படித்தான் சொன்னாள். யாராவது ஒருத்தி உள்ளதைச் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடமே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் தூக்கும் வேலைக்கும் போனாய். தோள் வீங்கிப்போனது. கூட வேலை செய்த தோஸ்து ஒரு வலி மாத்திரை கொடுத்தான். ஆபரேஷன் ஆனவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரை அது. வலி போனது. பிறகு வலி இல்லாத நாளிலும் அது தேவைப்பட்டது. பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினாய், தடுக்க வந்த அம்மாவைச் சுவரில் தள்ளினாய். எனக்குத் தெரிந்த தம்பி வீட்டில் இல்லை, அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ வந்து போய்க்கொண்டிருந்தான்.

மறுவாழ்வு மையத்திலிருந்து நீ திரும்பி வந்து, சோறு கேட்டுச் சாப்பிட ஆரம்பித்த காலத்தில்தான் நான் படம் வரையும் கேம் கம்பெனிக்கு அந்த வேலை வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் கேட்டது: நம் பக்கத்துப் பிள்ளைகள் இந்த மாத்திரைக்குள் போகாமல் இருக்க செல்போனில் ஒரு விளையாட்டு. நான் ஆசையாசையாக வரைந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு தடியன் பள்ளிக்கூட வாசலில் நின்று மாத்திரையை நீட்டுவான். திரையில் சிவப்பாக ஒரு பட்டன் வரும்: வேண்டாம். அதை அழுத்தினால் ஜெயம்.

நீ என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "யாருக்கா இவன்? எங்களுக்கு எவனும் இப்டி வந்து குடுக்கல. தோஸ்துதான் குட்த்தான். பாசமா குட்த்தான்."

எனக்குச் சுருக்கென்றது. சரி, தோஸ்து என்றே வைத்துக்கொள், வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன். நீ சிரிப்பதை நிறுத்தினாய். வேண்டாம் என்றால் அவன் முகம் சுருங்கிவிடும், நாளை முதல் கூட்டத்தில் சேர்க்க மாட்டான், அந்தப் பயத்தில்தான் கை நீளும் என்றாய். வலிக்காகக்கூட இல்லை. அப்படியானால் எப்படித்தான் தப்புவது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தண்ணி லாரி என்றாய்.

எனக்கு உடனே புரிந்தது, நானும் அதே தெருக்காரிதானே. லாரி ஹாரன் கேட்டால் நம் தெருவில் சண்டைகூடப் பாதியில் நிற்கும். பொண்ணு பார்க்க வந்தவர்களை உட்கார வைத்துவிட்டுக் குடத்தோடு ஓடியிருக்கிறார்கள். போகிறவனை யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்படித்தான் நம் விளையாட்டில் அந்தச் சிவப்புப் பட்டன் போய், ஒரு பிளாஸ்டிக் குடம் வந்தது. கடலோரக் கல்லில் பக்கத்தில் உட்கார்ந்து தோஸ்து மாத்திரையை நீட்டும்போது குடத்தைத் தொட்டால், ஹாரன் அடிக்கும், விளையாடுகிறவன் எழுந்து போகலாம்.

கம்பெனிக்கு வந்து பார்த்த மனநல ஆலோசகர் அம்மா, குடம் ஒரு நாளைக்குத்தான் தாங்கும், அடுத்த நாள் என்ன செய்வான் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் குடத்தை இறக்கி வைத்தபின் வீட்டில் யாரிடமாவது சொல்வது, தோளை ஆஸ்பத்திரியில் காட்டுவது என்று இன்னும் இரண்டு கட்டம் சேர்த்தோம்.

தோஸ்துக்குக் குரல் நீயே கொடுத்தாய். ஃபேனை நிறுத்தி, கண்டெய்னர் லாரிச் சத்தம் கேட்காமல் இருக்க, இரண்டு பேரும் போர்வைக்குள் புகுந்து, வேர்த்து வழிந்து ரெக்கார்ட் செய்தோம். குடத்தைத் தொட்ட பிறகு தோஸ்து திட்ட வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். நீ பேச மாட்டேன் என்று அடம்பிடித்தாய். "அவன் வில்லன் இல்லக்கா. அவனுக்கும் வலி கீது." பிறகு உன் இஷ்டத்துக்கு மைக்கில் சொன்னாய்: "செரி போ மாமு, நாளிக்கு பாக்கலாம்." அதைத்தான் வைத்தோம். அந்த ஒரு வரிக்காகவே பிள்ளைகள் குடத்தைத் தொடுகிறார்கள் என்று இப்போது தெரிகிறது. தோஸ்து கோபித்துக்கொள்ளவில்லை என்று கேட்டதும் அவர்கள் முகம் தளர்கிறது.

முதல் பள்ளிக்கு நீயும் வந்தாய். அண்ணே, நீங்கதான் அந்த மாமுவா என்று பசங்கள் சூழ்ந்துகொண்டார்கள். அன்று வீடு வரும்வரை உன் அலட்டல் தாங்க முடியவில்லை. நான் நம்பினேன். அதைத் தவறு என்று இன்றும் நினைக்கவில்லை, நீ நன்றாகத்தான் இருந்தாய்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், கடல் அரிக்காமல் இருக்க எண்ணூர் ரோட்டோரம் கொட்டியிருக்கும் கற்களின் மேல் உன்னைக் கண்டெடுத்தார்கள். ரொம்ப நாள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று டாக்டர் சொன்னார். நம் வீட்டில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மையத்தில் சொல்லியிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும், சொன்னார்களா என்று உன்னைக் கேட்க முடியாது. விளையாட்டில் இப்போது அந்த எச்சரிக்கையும் இருக்கிறது.

உன்னோடு அங்கே இருந்தவன் அடக்கம் முடிந்தபின் அப்பாவிடம் வந்து அழுதான். நீ சாய்ந்ததும் போலீஸ் வரும் என்று பயந்து எழுந்து போய்விட்டானாம். ஆம்புலன்ஸைக்கூடக் கூப்பிடவில்லை. அப்பா அவனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். என்னால் முடியவில்லை, அவனைப் பார்த்தால் இன்றும் அடுத்த தெருவில் திரும்பிவிடுகிறேன்.

இன்று வராந்தாவிலிருந்து வகுப்புக்குள் திரும்பியபோது, ஒரு பெண் எனக்காகக் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். பத்தாம் வகுப்பு, ரெட்டைச் சடை. எல்லாக் கட்டத்தையும் முடித்துவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரி வரை போய்விட்டு, மறுபடி முதல் கட்டத்துக்கு வந்து, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரைந்த கல்லின் மேல், கடலைப் பார்த்தபடி, தனியாக நீ.

"மிஸ், இந்த அண்ணன் இங்கியே குந்திகினு கீறாரே. இவர இட்டுகினு போற பட்டன் இல்லியா?"

இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். எல்லோருக்கும் எழுந்து போகச் சொல்லிக் கொடுத்தோம் தம்பி. நீயும் நானும் சேர்ந்து, போர்வைக்குள் உட்கார்ந்து, அழகாகச் சொல்லிக் கொடுத்தோம். கல்லில் மிச்சம் இருக்கிறவனை நாம் நினைக்கவே இல்லை. மிச்சம் இருந்தது நீ.

மாலை வீட்டுக்கு வந்ததும் பட்டனை வரைந்துவிட்டேன். தோஸ்துவின் கையைத் தொட்டால் அவன் எழுந்து கூட வர வேண்டும், ஆஸ்பத்திரி வரை. படம் சுலபம், குரலுக்கு எங்கே போவேன்? வேறு ஆளை வைக்கலாம் என்று கம்பெனியில் சொன்னார்கள், எனக்கு மனசு வரவில்லை. பழைய ரெக்கார்டிங்குகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்றில், கடைசி வரியை நீ பேசி முடித்தபின் நிறுத்த மறந்திருக்கிறேன். போர்வை விலகும் சத்தம், நீ உஸ் என்று மூச்சு விடுவது, தூரத்தில் அம்மா சாப்பிடக் கூப்பிடுவது எல்லாம் பதிவாகியிருக்கிறது. அதற்கு நீ என்னிடம் சொல்கிறாய்: "செரி வா, போலாம், அக்கா."

விளையாட்டுக்கு முதல் மூன்று சொற்கள் போதும். நாளையிலிருந்து அந்தப் பெண் கையைத் தொட்டால் நீ எழுந்து அவளோடு நடப்பாய். எனக்காக நீ அப்படி எழுந்து வரவில்லையே என்ற கோபம் இருக்கத்தான் செய்கிறது.

கடைசிச் சொல்லை வெட்டி எடுத்தேன், அழிக்கவில்லை. என் போனில் தனியாக இருக்கிறது. போட்டால், ஆரம்பித்ததும் முடிந்துவிடுகிறது. அக்கா என்கிறாய், அவ்வளவுதான்.