பதினெட்டுக் குழிக்கு அதிபதி

வைகாசி, ஞாயிறு இரவு.

நெய்வேலிப் பூங்காவின் கோல்ஃப் மைதானத்துப் புல்லையெல்லாம் ஒற்றை மெஷினால் அடக்கியாளும் கான்ட்ராக்ட் சக்கரவர்த்தியாகிய நான், இன்று மண்ணைக் கவ்வினேன்.

போன வாரம் அக்கா மகள் மலரைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், “பதினெட்டு குழிக்கு நான்தாங்க அதிபதி. எனக்கப்புறம் எல்லாம் மலருக்குத்தான்” என்று அளந்துவிட்டேன். பந்து விழுகிற குழியைத்தான் சொன்னேன். சிரிப்பார்கள் என்று பார்த்தால், பையனின் அப்பா பயபக்தியோடு தலையாட்டினார். அந்தக் குறிஞ்சிப்பாடிக்காரருக்குக் குழி என்றால் நில அளவு. பதினெட்டுக் குழி என்றால் ஒரு வீட்டுமனை. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்று இடத்தைப் பார்க்க வேண்டும் என்று வந்து நின்றார். பெருமையாக மைதானத்துக்கு அழைத்துப் போனேன். “இதாங்க மொத குழி” என்று குழியில் நட்டிருந்த கொடியைப் பிடுங்கிக் காட்டினேன். அவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

“இதுக்குள்ளயாய்யா எம்புள்ள வூடு கட்டுவான்?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சாயந்திரம் தரகர் போன் செய்து, இந்தச் சம்பந்தம் வேண்டாமாம் என்றார்.

அக்கா கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். மலர்தான் சோறு போட்டாள்.

“போனா போறாங்க, வுடு மாமா.” குழம்பை ஊற்றிவிட்டுச் சொன்னாள்: “ஆனா நானும் நெலம்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்.”

யாரும் நம்ப மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இத்தனை வருஷமாகப் புளுகினேன். இவள் நம்பியிருக்கிறாள். நான் அளந்ததில் இன்னும் எதையெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறாளோ. கேட்கப் பயமாக இருக்கிறது.