பதினாலாம் நம்பர் காத்தாடி

மாப்ள,

இன்று காலை கடை வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. தார்ப்பாயைத் தூக்கியதும் பெட்ரோலும் 2T ஆயிலும் கலந்த அந்தப் பழைய வாடை முகத்தில் அடித்தது. கூடவே கண்மாய்ப் பாசி வாடை. இரண்டு படகு இன்ஜின்கள் அருகருகே படுத்திருந்தன. நான் என்னையறியாமல் உன் ஸ்டூல் பக்கம் திரும்பினேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது, இன்னும் அந்தப் பழக்கம் விடவில்லை.

முன்சீட்டிலிருந்து திருமங்கலம் ரைஸ்மில் அண்ணாச்சி கைத்தடியோடு மெல்ல இறங்கினார். "ஒண்ணு செத்துப்போச்சுப்பா. இன்னொண்ணு இன்னைக்கும் ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகுது. ஒன் கை ராசியான கை" என்றார். எது செத்தது, எது ஓடுகிறது என்று பார்க்கவே பயந்தேன்.

பதினெட்டு வருஷம் இருக்குமா? அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்து, அண்ணாச்சி தோட்டத்தை ஒட்டிய கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. மனிதருக்குப் படகு ஆசை வந்துவிட்டது. தூத்துக்குடியில் யாரோ கழித்துப்போட்ட படகை இரண்டு இன்ஜினோடு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "கடலுக்குப் போற படகு அண்ணாச்சி இது. நம்ம கண்மாயில கிளப்புன ஒடனே எதிர்க்கரை வந்துரும்" என்றாய் நீ. அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது.

நாம் பம்புசெட்டு மெக்கானிக்குகள். உசிலம்பட்டிப் பக்கம் கிணறு கிணறாக இறங்கி ஏறியவர்கள். படகு இன்ஜினை அதற்குமுன் தொட்டதுகூடக் கிடையாது. இருந்தாலும் வந்த வேலையை முடியாது என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வராதே. "வலது எனக்கு, இடது ஒனக்கு. யாரு இன்ஜின் முந்துதுன்னு பாப்போம்" என்றேன். பத்து நாள் கடையில் வேறு பேச்சே இல்லை. நீ ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, செய்தித்தாளை விரித்து வரிசையாக அடுக்குவாய். கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. "என்னடா, பந்தி வச்சிருக்கியா?" என்று கேட்பேன். "எடுத்ததை எடுத்த எடத்துல வைக்கணும் மாப்ள. அம்புட்டுத்தான் வேலை" என்பாய். முடித்ததும் இன்ஜின் பிடியில் பஞ்ச் உளியைத் தட்டி மூன்று புள்ளி குத்துவாய். நீ பிரித்துக் கட்டிய எல்லாவற்றிலும் அந்த மூன்று புள்ளி இருக்கும்.

ப்ரொப்பெல்லர் வாங்கி வந்தது நான். நாம் அதைக் காத்தாடி என்றுதான் சொல்லுவோம். பழைய சாமான் கடையில் இரண்டை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். விளிம்புக்கு விளிம்பு சரியாக இருந்தது. பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் சக்கரத்தை மாற்றுகிறவன் குறுக்களவைத்தானே பார்ப்பான். அதே புத்திதான் எனக்கும். அண்ணாச்சிக்குப் பளபளவென்று இருக்க வேண்டுமே என்று இரண்டுக்கும் வெள்ளிப் பெயிண்ட் வேறு இரண்டு கோட் அடித்தேன். நடுக்குமிழில் வெட்டியிருந்த நம்பர் பெயிண்டுக்குள் புதைந்துபோனது.

கண்மாயில் இறக்கிய அன்று கரை முழுக்க ஜனம். முழுசாக முடுக்கியதும் என் இன்ஜின் மீட்டரில் ஐயாயிரத்து இருநூறு காட்டியது. உன்னுடையது நாலாயிரத்து நானூறைத் தாண்ட மறுத்தது. கறுப்புப் புகை. படகு நேராகப் போகாமல் இடப்பக்கமாகவே ஒடித்துக்கொண்டு போனது. கரைக்கு வந்ததும் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். நான் சட்டென்று உன் பக்கம் கை காட்டி, "என் இன்ஜின் சுத்தமா இருக்கு அண்ணாச்சி. இது பாய் கட்டுனது" என்றேன். அத்தனை பேர் முன்னால். அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

நீ மூன்று நாள் அதைப் பிரித்துப் பிரித்துக் கட்டினாய். பிளக்கை மாற்றினாய், கார்புரேட்டரைக் கழுவினாய், பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தாய். காத்தாடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் டிரம்மில் ஓடவிட்டால் கணகணவென்று ஓடும். கண்மாயில் இறக்கினால் மூச்சு வாங்கும். "டிரம்முல ஓடுறதுக்கா அண்ணாச்சி இன்ஜின் வாங்குனாரு?" என்று அதற்கும் ஒரு குத்து குத்தினேன். நீ தாடையைச் சொறிந்துகொண்டு நின்றாய்.

"சும்மா ஓடுறப்ப நல்லா ஓடுது. தண்ணியைத் தள்ளுறப்ப திணறுது. அப்ப கோளாறு இன்ஜின்ல இல்ல மாப்ள, சுமையில இருக்கு" என்றாய். மறுநாள் மத்தியானம் அண்ணாச்சியைக் கரையில் நிறுத்திவிட்டு நாம் இரண்டு பேர் மட்டும் படகில் போனோம். நடுக்கண்மாயில் இரண்டு இன்ஜினையும் தூக்கி, என் காத்தாடியை உன் இன்ஜினுக்கும், உன் காத்தாடியை என் இன்ஜினுக்கும் மாற்றினாய். திரும்ப முடுக்கினோம். உன் இன்ஜின் ஐயாயிரத்து இருநூறுக்கு ஏறியது. என்னுடையது நாலாயிரத்து நானூறில் நின்று கறுப்பாகப் புகைந்தது.

சாவியால் பெயிண்டைச் சுரண்டினாய். ஒன்றில் பத்து, மற்றதில் பதினாலு. அகலம் ஒன்றுதான், தகட்டின் சாய்வு வேறு. பதினாலு நம்பர் ஒவ்வொரு சுற்றுக்கும் பெரிய கரண்டியால் தண்ணீரை அள்ளியிருக்கிறது. அந்தக் கனத்தைத் தூக்க முடியாமல்தான் உன் இன்ஜின் திணறியிருக்கிறது. எனக்கு உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. நீ இரண்டே வார்த்தைதான் சொன்னாய்: "நீயே சொல்லிரு."

கரைக்கு வந்தோம். வாயைத் திறந்தேன், மாப்ள. சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். "சரியாயிருச்சு அண்ணாச்சி, ஒரு காத்தாடி மட்டும் மாத்தணும்" என்பதோடு நின்றுவிட்டது. அவர் என் தோளைத் தட்டி, "பாய் மூணு நாளாத் தடவுனதை நீ ஒரு மத்தியானத்துல முடிச்சுட்டியேப்பா" என்றார். நீ கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாய். உன் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி சுருட்டியது.

பஸ்ஸில் பசுமலை வரும்வரை நீ ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய். இறங்கி டீ குடிக்கும்போது, "வடை சூடா இருக்கு, எடு" என்றாய். அவ்வளவுதான், உன் கோபம் அதோடு முடிந்தது. மறுநாள் நான் கடைக்கு வரும்போது, என் தலைக்குமேல் ஆணியில் அந்தப் பதினாலு நம்பர் காத்தாடி தொங்கியது. அதன் தகட்டில் உன் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கேட்டால், "துண்டு போட எடம் வேணும்ல" என்று சிரித்தாய்.

ஆனால் அந்த ஒரு நாள் பேச்சு உன்னை விடவே இல்லை. அண்ணாச்சி அனுப்புகிற ஆட்களெல்லாம் இன்ஜின் வேலை என்றால் என்னைத் தேடினார்கள். உன்னிடம் பிளக்கும் ஃபில்டரும் கொடுத்தார்கள். நானும் அதை மறுக்கவில்லை. சொல்லப்போனால் பிடித்திருந்தது. கோரிப்பாளையத்தில் உன்னை அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பும்போது அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாய் தங்கமான மனுஷன்யா, வேலையில கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும்" என்றார். உன் மண் ஒட்டிய கையோடு நின்றுகொண்டு அதற்கும் தலையாட்டினேன்.

இன்று அவர் மறுபடி "ஒன் கை" என்றபோது, ஓடுவது எது என்று கேட்டு, குனிந்து அதன் பிடியைத் துடைத்துப் பார்த்தேன். ஓடுகிற இன்ஜினில் மூன்று புள்ளி இருந்தது.

"இது பாய் கட்டுனது அண்ணாச்சி. செத்துக் கெடக்குறதுதான் என்னது" என்றேன். பிறகு அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆணியிலிருந்து காத்தாடியை எடுத்து அவர் மடியிலேயே வைத்துச் சொன்னேன். அவர் அந்த நம்பரை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அந்தாளு இருக்கையில சொல்லியிருக்கலாம்லப்பா" என்றார் கடைசியில். காத்தாடியை என் கையில் கொடுத்துவிட்டுக் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

அவர் போனபிறகு டிரம்மில் தண்ணீர் நிரப்பி உன் இன்ஜினை ஓடவிட்டேன். கணகணவென்று அதே சத்தம். பெட்ரோல் தீரும்வரை உன் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இல்லை.

காத்தாடியில் மிச்சமிருந்த வெள்ளிப் பெயிண்டையெல்லாம் சுரண்டிவிட்டு, நம்பர் தெருப்பக்கம் தெரிகிற மாதிரி வாசல் தூணில் மாட்டியிருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். சொல்ல வேண்டியது நான்தானே. இன்று சாயங்காலத்துக்குள் மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன், மாப்ள.