நான் எழுதிக் கொடுத்த நான்கு வரிகள்

அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தபோது உன் படம் வந்தது.

காலையில் ஒரு முட்டை கட்டாயம் என்பது பண்டாரவளை டாக்டரின் உத்தரவு. இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்துக்கும் உடம்பைக் குறைப்பதற்கும் சேர்த்து வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறேன். போட்ட மறுநாள் முட்டை வாடை வயிற்றைப் புரட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு உரிக்கிற நேரத்தில்தான் போன் சிணுங்கியது. பெரகலையில் கடை வைத்திருக்கும் ஒருத்தி, நம் தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரத்தைப் போட்டிருந்தாள். இடப்பக்கம் குண்டாக நீ, வலப்பக்கம் மெலிந்து நீ, இரண்டிலும் அதே மெரூன் சேலை. கீழே நான்கு வரிகள், அதன் கீழே உன் பெயர். நீ செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் உன்னை நிறுத்திவைத்து மாத்திரை விற்கிறார்கள். வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அது ஊசியால் வந்த வாந்தி இல்லை.

அந்த வலப்பக்கப் படத்தை எடுத்தவள் நான். அந்த நான்கு வரிகளை எழுதியவளும் நான். உன் படம் வந்த அந்த நாள்வரை இதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லித் தொலைக்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும்.

தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போனபின் கைக்குழந்தைகளை நீ பார்த்துக்கொண்ட பிள்ளைக் காம்பராவும், நான் படிப்பித்த முன்பள்ளியும் ஒரே கட்டடம், நடுவில் ஒரு சுவர். பத்து மணிக்கு நீ சுவரைத் தட்டுவாய், இருவரும் வாசலில் உட்காருவோம். தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், கரண்டி நிற்கிற அளவுக்குச் சீனி போட்ட பிளேன்டீ. நம் இருவருக்கும் உடம்பு வைத்தது அந்த வாசலில்தான். நாம் அதைப்பற்றிக் கவலைப்பட்டதே இல்லை, அந்த ஐயா வருகிற வரைக்கும்.

பிள்ளைகளின் சாப்பாட்டைப் பார்வையிட வெளியிலிருந்து வந்தவர் அவர். அலமாரியைத் திறந்து பார்த்தார், பிறகு உன்னை மேலும் கீழும் பார்த்தார். பிஸ்கட் பிள்ளைகளுக்குப் போகிறதா, இல்லை ஆயம்மாவுக்கே சரியாகிவிடுகிறதா என்று கேட்டார். கூட வந்த கணக்கப்பிள்ளை சிரித்தான். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது. ஒரு பிள்ளை சாப்பிடாவிட்டால் நீயும் சாப்பிடாமல் மடியில் வைத்துக் கெஞ்சிக்கொண்டிருப்பவள். உன்னைத் திருடி என்று சொல்லாமல் சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போனார்.

அன்று சாயங்காலம் என்னை உர ஸ்டோருக்கு இழுத்துக்கொண்டு போனாய். மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டு, எவ்வளவு என்று பார்த்துச் சொல்லச் சொன்னாய். கொழுந்து நிறுக்கும்போது நம் கணக்கில் வெட்டுகிற மாதிரி ரெண்டு கிலோ வெட்டிவிட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை.

மறுவாரமே இளைக்கிற மாத்திரைப் போத்தல் வந்தது. பதுளையில் இருந்து ஒரு பெண் போன் வழியாக விற்றாள். லேபிளில் பச்சை இலைகளின் படம் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. ஊருக்கெல்லாம் எழுத்துப் படித்துக் காட்டுகிற நான் அதைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

நீ இளைத்தாய், அது உண்மை. வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது, தூக்கம் போனது. பீலித் தண்ணி விழும் குழாய்க்குப் பின்னால் குனிந்து நீ வாந்தி எடுத்ததை நான் பார்த்தேன். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாய். உடம்பில் இருக்கும் அழுக்கு வெளியேறுகிறது, சோற்றை நிறுத்திவிட்டு இன்னொரு மாத்திரையைக் கூட்டிப் போடு என்றாளாம். தோட்டமோ உன்னைக் கொண்டாடியது. இத்தனை வருஷம் உன்னை ஏறிட்டுப் பார்க்காத கணக்கப்பிள்ளைகூட நின்று பேசினான், தூ.

பிறகு அவள் ஒரு வலை விரித்தாள். படமும் நாலு வரியும் அனுப்பினால் அடுத்த இரண்டு போத்தல் சும்மா. தோட்டத்தில் யாருக்கு என்ன காகிதம் வேண்டுமென்றாலும் என்னிடம்தானே வருவார்கள். லயத்து வீட்டுக் கூரை ஒழுகுது என்று தோட்டத்துத் துரைக்குப் பெட்டிசம், பிறப்புப் பத்திரத்துக்குப் பெட்டிசம், எல்லாம் என் கை. நீயும் வந்தாய்.

“நீ எழுதுனா சாமியே கையெழுத்துப் போட்டுரும் டீச்சரு.”

அந்தப் புகழ்ச்சிக்கு மயங்கினேன். ‘நானும் உங்களைப் போல ஒரு தோட்டத்துப் பெண். வெட்கப்பட்டு மூலையில் நின்றவள். இன்று நிமிர்ந்து நடக்கிறேன். பசியில்லை, களைப்பில்லை, நம்பிக்கை மட்டுமே இருக்கிறது.’ வாசித்துக் காட்டியபோது நீ சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய்.

“களைப்பு இருக்கே புள்ள,” என்றாய்.

“வெளம்பரத்துல அதெல்லாம் எழுதுவாங்களா?” என்றேன்.

எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

அடுத்த மாதம் பிள்ளைக் காம்பராவிலிருந்து லயத்துக்கு ஏறும் படிக்கட்டில் விழுந்தாய். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். மாத்திரைதான் காரணம் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. போத்தலை யாரும் கேட்கவும் இல்லை, நான் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தவர்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் என்ன அழகாக வடிந்திருக்கிறது பார் என்றாள். நாலு பேர் தலையாட்டினார்கள். பிணத்தைப் பார்த்தும் இளைப்பை மெச்சுகிற சனம்.

ஆறு மாதம் முன்பு எனக்குச் சீனி கூடி, பண்டாரவளைக்குப் போனேன். டாக்டர் ஊசி என்றதும், இதற்குள் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. மருந்தின் பெயரை எழுதிக் காட்டினார். யார் போடக்கூடாது, உடம்புக்கு என்ன செய்தால் உடனே வர வேண்டும் என்று சொன்னார், இரத்தம் சோதித்தார். “மருந்து பசிய அடக்கும். எதச் சாப்பிடணும், எப்படி நடக்கணும்னு அது சொல்லித் தராது. அத நீங்கதான் பழகணும்,” என்றார்.

பழகிக்கொண்டிருக்கிறேன். சீனி இல்லாத பிளேன்டீ கசாயம்தான். தட்டில் பாதி கீரையும் போஞ்சிக் காயும், ரொட்டி ஒன்று, பருப்பும் முட்டையும் தவறாமல். கோயில் வரைக்கும் ஏறி இறங்குகிறேன். குறைவது மெதுவாகத்தான். பார்க்கிறவர்கள் என்ன போத்தல் டீச்சர் என்று கேட்கிறார்கள். நடக்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள், ஏதோ ரகசியத்தை ஒளிக்கிறேனாம். இந்தச் சனத்தின் மேல் எனக்கு இருக்கிற அருவருப்பு கொஞ்சநஞ்சமில்லை.

உன் படம் வந்த அன்று அந்த விளம்பரத்தின் கீழே, இவள் உயிரோடு இல்லை என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டார்கள். உனக்கு விற்ற அந்தப் பதுளைப் பெண்ணுக்குப் போன் போட்டேன். குரல் தேன் மாதிரி இருந்தது.

“அவங்க எளச்சது பொய்யா மிஸ்?” என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். இப்போது உன் வேலையைப் பார்க்கிற பெண். இருபத்து மூன்று வயது, கொஞ்சம் பூசின உடம்பு, பிள்ளைகளிடம் நல்ல அன்பு. நான் எழுதியதை அழிப்பதற்குள் படித்துவிட்டாளாம். ஒருத்தியாவது படித்தாளே என்று உட்காரச் சொன்னேன்.

“அவங்க செத்தது எனக்கும் தெரியும் டீச்சர். எத்தன வாரத்துல எளச்சாங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

எல்லாவற்றையும் சொன்னேன், வாந்தி, படபடப்பு, படிக்கட்டு, எல்லாம். அந்த வரிகளை எழுதியது நான் என்பதையும் சொன்னேன். அவள் அந்த நான்கு வரிகளையும் பாராமல் ஒப்பித்தாள். தன்னைப் பற்றியே எழுதின மாதிரி இருந்ததாம், அதைப் படித்துத்தான் வாங்கினாளாம். போத்தலைக் கொடு என்றேன். கொடுக்கவில்லை. சனிக்கிழமை என்னோடு டாக்டரிடம் வா, உனக்கு மருந்து வேண்டுமா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும் என்றேன். பார்ப்போம் என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

“டாக்டர்கிட்ட போறதப் பத்தியும் அதே மாதிரி அழகா நாலு வரி எழுதுங்களேன் டீச்சர். படிச்சா நம்பிக்கை வரும்.”

மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். குமட்டும், மெதுவாகத்தான் குறையும், சிலருக்கு ஒத்துவராது, நடக்காமல் முடியாது, மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எத்தனை முறை எழுதினாலும் அழகாக வரவில்லை. நாக்கில் வந்து நிற்பதெல்லாம் அந்தப் பழைய வரிகள்தான். சாகும்வரை அவை என்னோடு வரும் போலிருக்கிறது. அழகில்லாததையே எழுதி மடித்து வைத்திருக்கிறேன். விடிந்தால் சனிக்கிழமை. அவள் பஸ்ஸுக்கு வராவிட்டால் பிள்ளைக் காம்பரா வாசலிலேயே போய் உட்காரப்போகிறேன். இந்த முறை கீழே என் பெயரைப் போட்டிருக்கிறேன்.