நெஞ்சுக்கு மேலே

பேர்கன், நோர்வே
05.01.2025

அன்புத் தம்பி சுகிர்தனுக்கு,

இதைப் போனில் சொல்லாமல் எழுதி உன் வேலைக் கந்தோர் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். போன் என்றால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், அம்மா அழுவா, தங்கச்சி ஜெயரூபி "என்னவாம், என்னவாம்" என்று குறுக்கே கேட்பாள். சொல்ல வந்ததைத் தவிர மற்ற எல்லாம் கதைத்து முடிந்திருக்கும்.

நான் ஊருக்கு வருகிறேன். பெப்ரவரி 19, புதன்கிழமை. கப்பலில். காலை எட்டு மணிக்குத் திருகோணமலையில் கட்டி, மாலை ஐந்துக்குப் புறப்படுகிற உல்லாசக் கப்பல்.

சிரிக்காதே. வர வேண்டாம் என்று நீங்கள் ஆறு வருடமாகச் சொல்கிற காரணம் எல்லாம் எனக்குப் பாடம். வீட்டுக் கக்கூசுக்கு மூன்று படி. அதுவும் குந்துகிற கக்கூசு. அறைக் கதவு ஒடுக்கம். நல்ல கட்டில் இல்லை. எல்லாம் உண்மைதான். அதனால்தான் கப்பல். கட்டிலும் கக்கூசும் என்னோடேயே வருகின்றன. மும்பாய் வரை விமானம், பிறகு பன்னிரண்டு நாள் கடல். நூற்றிப்பத்துப் பேர் மட்டும் போகிற சின்னக் கப்பல். பெரியவை பல ஊர்களில் வெளியே நின்று வள்ளத்தில் ஆட்களை இறக்குமாம். நான் இருந்து உருட்டுகிற சில்லுக் கதிரையை வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள். இது கரையோடு ஒட்டி ஜெட்டியிலேயே கட்டும். அகலக் கதவு வைத்த அறை இரண்டே இரண்டு. ஒன்று எனக்கு.

இறங்குகிற ஏணிப்படி மட்டும்தான் பிரச்சினை. நாலு பேர் கதிரையோடு தூக்கி இறக்க வேண்டும். கரையில் ஆள், வாகனம், பாஸ் எல்லாம் ஒழுங்கு பண்ணுவது உன் கப்பல் ஏஜென்சிக் கந்தோர்தானே. இதைவிட என்ன வசதி வேண்டும்?

நான் கேட்பது மத்தியானம் ஒரு நேரச் சோறு. அம்மா குழைத்துக் கையில் தர வேண்டும். பனியில் விழுந்து முள்ளந்தண்டு முறிந்த நாளிலிருந்து என்னைத் தொட்டவர்கள் எல்லாரும் கையுறை போட்டவர்கள், தம்பி.

அன்புடன்,
அக்கா துஷாந்தி


அன்புவழிபுரம், திருகோணமலை
14.01.2025

அன்பான அக்காவுக்கு,

பொங்கல் நாளிலே எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான். பொங்கல் முற்றத்தில் நல்லாய்ப் பொங்கியது. உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். எனக்குச் சரியான சந்தோசம். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும், அக்கா. கோபிக்க வேண்டாம். ஜெயரூபிக்கு ஒரு இடம் சரிவந்திருக்கிறது. பெடியனுக்குப் பெயர் ரிஷிகேசன், துறைமுகத்தில் வேலை, நல்ல பிள்ளை. வீடு பாலையூற்றில். பெப்ரவரி 23 பதிவுகாரரைக் கூப்பிட்டுக் கலியாண எழுத்து. நீங்கள் வருவதற்குச் சரியாக நாலு நாள் பிறகு. பெடியனின் தாய் பாக்கியரத்தினம் மாமி கொஞ்சம் கிண்டிக் கேட்கிற ஆள். முதல் நாளே "உங்கட குடும்பத்தில ஆருக்கும் நோய், வருத்தம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டவ. அம்மா இல்லை என்று சொல்லிவிட்டா. மூத்தவள் நோர்வேயில் பெரிய ஹோட்டலில் வேலை, லீவு கிடைக்காது என்றும் சொல்லிவிட்டா. ஜெயரூபிக்கு இப்போது முப்பத்திமூன்று. இது தட்டிப் போனால் இனி ஒருத்தரும் வாசலுக்கு வரமாட்டார்கள்.

கப்பலை அடுத்த வருடத்துக்கு மாற்ற ஏலாதா? ஏலாதென்றால் நான் அம்மாவுக்கு ஒரு பாஸ் எடுத்து ஜெட்டிக்குக் கூட்டிவரப் பார்க்கிறேன். நீங்கள் இறங்காமல் மேலே நின்றே பார்க்கலாம்.

அன்புத் தம்பி,
சுகிர்தன்


பேர்கன்
20.01.2025

தம்பி,

"மேலே நின்றே பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நிற்க ஏலாது என்பதையே மறந்துவிட்டாய். ஆறு வருடம் பொய் சொல்லிச் சொல்லி உனக்கே அது உண்மையாகிவிட்டது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அம்மா கேட்பது ஒரே விசயம்: "பிள்ளை, படம் ஒண்டு அனுப்பு. நெஞ்சுக்கு மேல எடு." கதிரையின் கைபிடிகூடத் தெரியக் கூடாது. நானும் அனுப்பினேன். நல்ல சீலை உடுத்து, பொட்டு வைத்து, கதிரையின் முதுகை சால்வையால் மூடி. அன்புவழிபுரத்துச் சுவரில் நான் பாதி மனிசி. மிச்சப் பாதியை என்ன செய்தீர்கள்? எரித்தீர்களா?

எனக்கிருப்பது தொற்று நோயில்லை. பரம்பரை வருத்தமும் இல்லை. ஐஸில் வழுக்கி விழுந்தேன். இதைச் சொல்ல என்ன வெட்கம்? பாக்கியரத்தினம் மாமியின் காலுக்கு ஐஸ் வழுக்காதா? ஒரு பெண் கதிரையில் இருந்தால் அவளின் தங்கச்சிக்குத் தாலி ஏறாது என்று தீர்ப்புச் சொன்னது எந்தக் கோட்டு? அந்த ஊருக்குப் பயந்து நீங்கள் என்னை உயிரோடு மூடி வைத்திருக்கிறீர்கள்.

அடுத்த வருடம் என்று சொல்லாதே. முதுகில் வருகிற புண் இரண்டு தரம் எலும்பைத் தொட்டுவிட்டது. இனி நெடும் பயணம் வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இதற்கே மன்றாடித்தான் சம்மதம் வாங்கினேன். எனக்கு இருப்பது இந்த ஒரு புதன்கிழமை.

ரிஷிகேசன் வீட்டுக்கு நான் போக மாட்டேன். எழுத்துக்கும் நிற்க மாட்டேன். கண்ணாடிக்குக் கறுப்புத் துணி போட்ட வானில் ஏற்று, வாசலில் இறக்கு, சோறு தா, திரும்ப ஏற்று. பார், நானே எனக்குத் திரை பிடிக்கிறேன். இவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன்.

கப்பல் கொம்பனியின் படிவத்தை நிரப்பிவிட்டேன். இறங்க உதவி வேண்டிய ஆட்களின் லிஸ்ட் உன் மேசைக்கு வரும். தூக்குகிறவர்களிடம் சொல்: கைபிடியில் பிடிக்க வேண்டாம், அது கழன்று கையோடு வரும். கீழே இரும்புச் சட்டத்தில் பிடிக்கச் சொல். முதுகு கரைப் பக்கம் பார்க்க, பின்பக்கமாக இறக்கச் சொல்.

துஷாந்தி


அன்புவழிபுரம்
09.02.2025

அன்பான அக்காவுக்கு,

லிஸ்ட் வந்தது. எல்லாம் ஒழுங்கு. யோசிக்க வேண்டாம். வாசல் படிக்குத் தச்சர் அபூதாஹிர் நானாவிடம் சொல்லிச் சாய்வுப் பலகை ஒன்று செய்வித்தேன். "ஆருக்கு தம்பி?" என்று கேட்டார், அரிசி மூட்டை ஏற்ற என்றேன். நல்ல பலகை, சில்லு வழுக்காமல் குறுக்கே சட்டமும் அடித்துத் தந்திருக்கிறார்.

ஒட்டி மீன் பொரிக்க வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறா.

பயணம் கவனம்.

சுகிர்தன்


திருகோணமலைத் துறைமுகம், கப்பலில்
19.02.2025, காலை 10.40

தம்பி,

கப்பலின் வைபையில் இதை அனுப்புகிறேன். உன் போன் நிறுத்தியிருக்கிறது. பதினேழு தரம் எடுத்துவிட்டேன். வீட்டுக்கு எடுக்கவில்லை. எடுத்தால் அம்மா ஸ்பீக்கரில் அழுவா, அயல் முழுக்கக் கேட்கும். நானும் உங்களோடு சேர்ந்து ஒளிக்கப் பழகிவிட்டேன்.

எல்லாரும் இறங்கிக் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் போய்விட்டார்கள். எண்பது வயது ஜெர்மன்காரி ஒருத்தி பொல்லை ஊன்றி இறங்கிப் போனாள். நான் சீலை உடுத்து ஏழு மணியிலிருந்து ஏணிப்படி வாசலில் இருக்கிறேன். கீழே ஜெட்டி. முப்பது அடிகூட இருக்காது. ஊர் வாசம் அடிக்கிறது, கருவாடும் எண்ணெயும்.

கப்பல் அதிகாரி ஒரு தாளைக் காட்டினார். "இத்துறையில் சக்கர நாற்காலிப் பயணிகளை இறக்க வசதி இல்லை. பயணி கப்பலிலேயே தங்கவும்." கரை அனுமதி இல்லாமல் தன் ஆட்களைக் கொண்டு இறக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். தாளின் அடியில் சோ. சுகிர்தன் என்று உன் கையெழுத்து.

யாரோ பெரியவன் சொல்லி எழுதியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படியே வைத்துக்கொள்வோம். இன்னும் நேரம் இருக்கிறது. நாலு பேர், பத்து நிமிசம். இதைக் கண்டவுடன் வா.

மத்தியானம் 1.15

சோறு ஆறியிருக்கும். பரவாயில்லை, வா. வீட்டுக்கு வேண்டாம். ஜெட்டியில் இறக்கிவிடு. அம்மாவை ஓட்டோவில் கூட்டி வா. துறைமுகக் கேற்றடியில் ஐந்து நிமிசம். தம்பி, ராசா, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

3.05

சுங்கக் கொட்டிலுக்குப் பின்னால் மண்ணிறச் சேட்டுப் போட்டு நிற்பது நீதான். அப்பாவைப் போல வலது தோளைச் சரித்து நிற்கிறாய். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். "சுகிர்தன்" என்று கத்தினேன். நீ கொட்டிலுக்கு உள்ளே போய்விட்டாய்.

4.50

கயிறு கழற்றுகிறார்கள்.


அன்புவழிபுரம்
02.03.2025

அக்காவுக்கு,

பதினொரு நாள் எழுதப் பார்த்து ஏலாமல் விட்டேன்.

கொட்டிலுக்குப் பின்னால் நின்றது நான்தான். ஒருத்தரும் சொல்லி எழுதவில்லை. நானே எழுதினேன். ஆள் கேட்டு லிஸ்ட்டை அனுப்பினால் தூக்க வருவது இழுவைப் படகுக்காரர்கள். அந்தப் படகில்தான் ரிஷிகேசன் வேலை. லிஸ்ட்டில் உங்கள் பெயர் முழுதாய் இருக்கிறது, துஷாந்தி சோமசேகரம் என்று. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உங்களைத் தூக்கு என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பேனையை எடுத்து அந்த இரண்டு வரியை எழுதினேன். ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை. பலகை செய்யச் சொன்னபோது உண்மையாகவே செய்யத்தான் நினைத்தேன். அதை நம்புங்கள்.

அம்மாவிடம் கடல் சரியில்லை, கப்பல் வரவில்லை என்றேன். காலையிலிருந்து வெள்ளைச் சீலையோடு வாசலில் இருந்தா. ஐந்து மணிக்குக் கப்பல் ஊதியது வீடு வரைக்கும் கேட்டது. "அது என்ன சத்தம், தம்பி?" என்று கேட்டா. நேவிக் கப்பல் என்றேன். பொரித்த மீனை ஒருத்தரும் தொடவில்லை.

எழுத்து நல்லபடி முடிந்தது. அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் ரிஷிகேசன் எனக்குப் பக்கத்தில் இருந்தான். தன் பாட்டில் சொல்லத் தொடங்கினான்:

"மச்சான், புதன்கிழமை வந்த கப்பல்ல சில்லுக் கதிரையில ஒரு தமிழ் அக்கா. நாங்கள் கயிறு கழட்டேக்கை தனிய இருந்து அழுதுகொண்டிருந்தா. எனக்கு மனம் கேக்கேல்லை, கை காட்டினனான். அவவும் காட்டினவ. நாலு பேர் காலைல இருந்து சும்மாதான் நிண்டனாங்கள். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அந்த மனிசியைப் பூ மாதிரி இறக்கியிருப்பம். ஆரோ ஒரு மாடு வசதி இல்லையெண்டு எழுதி விட்டிருக்கு."

நான் சிரித்தேன், அக்கா. "ஓம், அப்பிடியும் ஆக்கள்" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தேன். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இனிச் சொன்னால் நான் மாடு மட்டுமில்லை, பொய்க்காரனும்.

இதை எழுதக் கூசுகிறது. மே மாதம் கலியாணம். அல்பத்தின் முதல் பக்கத்தில் இரண்டு குடும்பத்துப் படங்களும் போட வேண்டுமாம். பாக்கியரத்தினம் மாமி உங்களுடைய புதுப் படம் கேட்கிறா. ரிஷிகேசன்தான் படங்களை வாங்கி ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோகிறான். ஒன்று அனுப்புவீர்களா? வழக்கமாக அனுப்புவது போல.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

சுகிர்தன்


பேர்கன்
06.03.2025

சுகிர்தன்,

படம் இதோடு இருக்கிறது. 19ஆம் திகதி மாலை, கப்பல் ஜெட்டியை விட்டு விலகுகிற நேரம், கப்பலில் தட்டுக் கழுவுகிற பிலிப்பீன்காரப் பிள்ளை ஒருத்தி எடுத்தது. பச்சைச் சீலை. கதிரை முழுதாய்த் தெரிகிறது, சில்லு இரண்டும், செருப்பு மாட்டி வைத்த காலும். பின்னால் ஊர். ஓரத்தில் இழுவைப் படகும் அதில் கை தூக்கிய ஒரு பெடியனும். அவன் யார் என்று உன் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது. அன்று முழுக்க அந்த ஊரில் எனக்குக் கை காட்டியது அவன் ஒருத்தன்தான்.

ஜெயரூபிக்கு நல்ல மாப்பிள்ளை கிடைத்திருக்கிறான். உங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

நான் நேராக அவனுக்கோ ஜெயரூபிக்கோ அனுப்பலாம். அனுப்ப மாட்டேன். எழுதினது உன் கை. கொடுப்பதும் உன் கையாக இருக்கட்டும். இது அல்பத்தில் ஏறின அன்று அதைப் படம் பிடித்து அனுப்பு. அதுவரை உன் கடிதம் எதையும் திறக்க மாட்டேன். அம்மாவிடம் கப்பல் வந்தது என்று சொல்.

படத்தை வெட்டாமல் கொடு.

துஷாந்தி