கண்ணாடிக்குள் இருந்த மாதிரிப் படிவம்

மார்ச் 3

அன்புள்ள பூசணிக்கு,

இன்று காலை கல்லூரியில் என் ஆலோசகர் அலுவலகத்தைத் திறந்ததும் முதல் வேலையாக அறிவிப்புப் பலகையின் கண்ணாடியைத் துடைத்தேன். பளபளவென்று ஆன பிறகுதான் தெரிந்தது, உள்ளே நான்கு குண்டூசிகள் மட்டும் இருக்கின்றன. மாதிரிப் படிவத்தைக் காணோம். வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பார்த்து எழுதட்டும் என்று நானே என் பெயரில் நிரப்பி வைத்தது. கற்பனைப் பெயர் போட்டால், "மேடம், இது யாரு, உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டே உயிரை வாங்குகிறார்கள். எவனோ காப்பியடிக்க அப்படியே உருவிக்கொண்டு போய்விட்டான்.

போன வாரம் அனுப்பிய கட்டு வந்ததா? மொத்தம் ஒன்பது படிவம். அதில் ஒன்று என் மகளுடையது. உன் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு எந்தப் பாடம், எந்த விடுதி, எந்தப் பக்கத்து ஜன்னல் என்பது வரை திட்டம் போட்டுவிட்டேன். அவள்தான் வாயே திறப்பதில்லை. சந்தோஷத்தில் என்று நினைக்கிறேன். உறையை ஒட்டியதுகூட அவள்தான்.

வழக்கம்போல இதையும் மதிப்பெண் பட்டியல்களுக்கு நடுவே சொருகியிருக்கிறேன். அலுவலகத் தபாலில் நம் சொந்தக் கதை போவது இது எத்தனையாவது வருடமோ!

உன் கொக்கு

மார்ச் 14

அடியே கொக்கே,

ஒன்பதும் வந்தது. ஒன்பது பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதில் உன் மகள் இல்லை. நீ இருக்கிறாய்.

படிவத்தில் எங்கேயும் 'மாதிரி' என்று இல்லையேடி! மாணவர் கையெழுத்தும் ஆலோசகர் கையெழுத்தும் ஒன்றுபோலக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் குமாஸ்தா உன் பிறந்த வருடத்தைப் பார்த்து, "பாவம், பொண்ணு தப்பா எழுதிடுச்சு" என்று இருபத்தாறு வருடத்தைக் கூட்டித் திருத்திவிட்டார். மூன்றாம் மாடியில் உனக்கு அறை. உடன் தங்கப்போகிறவளுக்குப் பத்தொன்பது வயது. டிரம்ஸ் வாசிப்பாளாம்.

பாடங்களையும் பார்த்தேன். நிலவியல், நிலவியல் களப்பயணம், நீச்சல். நாம் படிக்கும்போது விடுதியில் நம் அலமாரி முழுக்கக் கல்லாக அடுக்கி, என் துணிமணியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாயே, அந்த ஞாபகம் வந்தது. அப்புறம் உன் வீட்டில் வணிகவியல்தான் என்றார்கள், நீயும் கல்லையெல்லாம் தோட்டத்தில் கொட்டிவிட்டு வந்தாய். 'ஏன் போக விரும்புகிறீர்கள்' என்ற கட்டத்தில் எழுதியிருப்பது உண்மையா, அதுவும் மாதிரியா? அதை மட்டும் சொல்.

பூசணி

மார்ச் 23

பூசணி,

உடனே ரத்து செய். 'மாதிரி' என்பதைக் கண்ணாடி மேல்தான் ஒட்டினேன், காகிதத்தில் எழுதவில்லை. "ஒவ்வொரு பக்கத்துலயும் எழுதுங்கப்பா" என்று பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்துகிறவள் செய்த காரியம் இது.

மகளை உட்காரவைத்து விசாரித்தேன்.

"உன் படிவம் எங்கடி?"

"என் பையிலதான் இருக்கு."

"அப்ப உறைக்குள்ள போனது?"

"உன்னோடது. எண்ணிக்கை குறைஞ்சா நீ கண்டுபிடிச்சிடுவியே."

"பைத்தியமா உனக்கு?"

"அம்மா, என்னோடதுல நீ சொன்னதை நான் எழுதியிருக்கேன், அவ்ளோதான். உன்னோடதைப் படிச்சாதான் யாரோ நிஜமாவே போகணும்னு துடிக்கிற மாதிரி இருக்கு. எனக்குப் போக வேணாம்மா. நீ ஒரு தடவைகூட என்கிட்ட கேக்கல."

கேட்கவில்லைதான். என் அறைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். வீட்டில் மட்டும் அந்தக் கேள்வி ஏன் வாயில் வரவில்லை? இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டு அடுப்படியில் நின்றதில், பால் இரண்டு முறை பொங்கி வழிந்துவிட்டது.

அந்தக் கட்டத்தை ஒரு மத்தியானம், ஆள் வராத நேரத்தில் நிரப்பினேன். மூன்று மாதம் எல்லோர் கண்ணெதிரிலும் தொங்கியது. ஒருவரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை, இவளைத் தவிர.

ரத்து செய்துவிடு.

கொக்கு

ஏப்ரல் 2

கொக்கே,

நான் ரத்து செய்ய முடியாது. நீதான் காரணத்தோடு எழுதித் தரவேண்டும், முப்பதாம் தேதிக்குள். மகள் பெயருக்கு மாற்றவும் வழியில்லை. காத்திருப்போர் பட்டியலில் ஒருவரும் இல்லாததால், நீ வராவிட்டால் அந்த இடம் காலியாகத்தான் கிடக்கும். ஊழியர்கள் விடுப்பில் ஒரு செமஸ்டர் மாணவராகப் பதிவு செய்யலாம் என்பது உங்கள் கையேட்டில் பதினோராம் விதி. எழுதிய மகராசி நீதான். உன் வயதைப் பழையபடி மாற்றச் சொல்லிவிட்டேன். குமாஸ்தாவுக்குத்தான் மனசே இல்லை.

இன்னொன்று. கட்டைப் பிரித்த அன்றே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. திருப்பி அனுப்பியிருக்கலாம். 'எதைப் படிக்கலாம் என்று யாரும் என்னிடம் வந்து கேட்காத ஓர் இடத்தில், நான் எதைப் படிக்கலாம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்' என்று எழுதியிருந்தாய். அதைத் தேர்வுக் குழுவின் முன் நானே உரக்க வாசித்தேன். கோபம் வந்தால் நேரில் வந்து திட்டு.

பூசணி

ஏப்ரல் 12

அன்புள்ள பூசணிக்கு,

ரத்துக் கடிதத்தை மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பிள்ளைகள் அங்கே 'சொந்தக் காரணம்' என்று எழுதினால் திருப்பிக் கொடுக்கிறவள் நான்.

நேற்று மகளிடம் கேட்டேன், "உனக்கு என்னதான்டி பிடிக்கும்?"

"இப்பவே சொல்லணுமா? கடைசித் தேதி எப்போ?" என்றாள்.

அசல் என் அலுவலகப் பேச்சு. கடைசித் தேதி எதுவும் இல்லை என்றேன். நம்பாமல் பார்த்தாள்.

இன்று காலை அவள் தன் அப்பாவை வாஷிங் மெஷின் முன்னால் நிறுத்தி, எந்தப் பொத்தான் எதற்கு என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவர் நோட்டில் குறிப்பு எடுக்கிறார்! போவதா இல்லையா என்று நான் வீட்டில் இதுவரை மூச்சு விடவில்லை. "எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"சும்மா, பொது அறிவுக்கு" என்றார்.

தன் படிவத்தில் தானே ஆலோசகராகக் கையெழுத்துப் போடக்கூடாது என்பது ஒன்பதாம் விதி. அதுவும் என் கைவண்ணம்தான். அதனால் திங்கட்கிழமை காலை என் அறைக் கதவைத் திறக்கப் போவதில்லை. வெளியே பெஞ்சில் பிள்ளைகளோடு டோக்கன் வாங்கி உட்காரப் போகிறேன். பக்கத்து அறையில் புது ஆலோசகர், சேர்ந்து நான்கு மாதம் ஆன பெண், என் எண்ணைக் கூப்பிடுவாள். உட்கார்ந்ததும் "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்பாள். அப்படிக் கேட்கப் பழக்கியதே நான்தான். பதிலை இரண்டு நாளாகக் கண்ணாடி முன் சொல்லிப் பார்க்கிறேன்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதமும் திங்கட்கிழமைவரை என் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். உன் கைக்கு வந்ததும் அந்த டிரம்ஸ் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. அலமாரியில் பாதி எனக்கு வேண்டும். கல் வைக்க.

உன் கொக்கு