விருந்தாளிக்கு வைத்த தண்ணீர்

மச்சாள்,

உன் பூப்போட்ட கிளாஸ் என் கையில் இருக்கிறது. உடைக்கத்தான் நினைத்தேன். நாளைக்கு உன் ஆண்டுத் திவசம். படையலில் தண்ணீர் வைக்க ஒரு கிளாஸ் தேடி அலுமாரியைத் திறந்தால் இதுதான் முன்னால் நின்றது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக் கிளாஸ்கள் எல்லாம் உப்புப் படிந்து வெளுத்துப் போய்க் கிடக்க, இது மட்டும் கடையில் வாங்கியது மாதிரியே மினுங்குகிறது. எப்படி மினுங்காது? நீ இருந்தவரை எங்கள் கிணற்றுத் தண்ணீர் இதில் பட்டதே கிடையாதே.

செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் உன் பக்கத்து வளவில் குடியிருந்ததில்லை. நீ என் அண்ணனைக் கட்டியவள். அதற்கு முன்னமே பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அண்ணனும் போன பிறகு உன்னோடு சண்டை பிடிக்க என்னைவிட யாருக்கு உரிமை? ஆகவே சொல்லத்தான் போகிறேன்.

அந்தப் பங்குனி வெயிலை நினைத்துப் பார். வாவி வற்றிக் கரை வெடித்துக் கிடந்தது. வீடு, தண்ணீர், மலசலகூடம் எல்லாம் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்து எழுத ஆட்கள் வருகிறார்கள், அவர்கள் எழுதுவதை வைத்துத்தான் குழாய்த் தண்ணீரும் மேடு கட்டிய மலசலகூடமும் கிடைக்கும் என்று கிராமத்து அதிகாரி விதானையார் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை காலமாக இந்த உப்புத் தண்ணீரில் தேத்தண்ணி குடிக்கிறோம்! மாரி வந்தால் கக்கூஸ் குழி நிரம்பி முற்றத்துக்கு வருகிறது. இனியாவது விடியும் என்று நினைத்தேன்.

நீ என்ன செய்தாய்? காலையிலேயே குடத்தைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டுக் கோயில் கிணற்றுக்கு நடந்தாய், வருகிறவர்களுக்கு நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டுமென்று. சுவர் வெடிப்பின் மேல் கலண்டரைத் தொங்கவிட்டாய். கடைக்காரர் வீட்டில் இரண்டு கதிரை இரவல் வாங்கினாய். கக்கூஸுக்கு மஞ்சள் தண்ணீர்கூடத் தெளித்தாய், பாவி! ஒழுங்கைத் தெருவுக்கு ஒரு வீடு பார்த்தால் போதுமென்று வந்த அந்த மனிதர், கூட்டிப் பெருக்கிக் கிடந்த உன் வளவுக்குள்தான் நுழைந்தார்.

"குடிங்க தம்பி, வெயிலுக்குள்ளால வந்திரிக்கிங்க" என்று இந்தக் கிளாஸைத்தான் நீட்டினாய்.

அவர் ஒரே மூச்சில் குடித்தார். "நல்ல தண்ணியா இரிக்கே அம்மா."

"ஓம் தம்பி. ஒரு குறையும் இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய். நான் வேலிக்கு மேலால் கத்தினேன். "தம்பி, அது கோயில் கிணத்துத் தண்ணி! எங்கட கிணத்துல அள்ளிக் குடிச்சுப் பாருங்க. மாரியில வந்து பாருங்க, குழியும் கிணறும் ஒண்டாக் கிடக்கும்!"

அவர் சிரித்துக்கொண்டே எழும்பினார். "மாரியில இஞ்ச வாறதுக்கு றோட்டு இல்லையே அம்மா."

றோட்டு இல்லை என்பதும் எழுத வேண்டிய ஒன்றுதான் என்று அந்தப் படித்த மனிதருக்குத் தோன்றவில்லை. போய்விட்டார். அடுத்த ஒழுங்கைக்குக் குழாய் வந்தது. அங்கே அவருக்கு யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை, மரியாதை தெரியாத சனம் என்று நீதான் பழித்தாய். அந்த மரியாதை தெரியாத சனத்தின் முற்றத்தில் இன்றைக்குக் குழாய் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது.

அன்று பின்னேரம் உன்னைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். நீ அசையவில்லை.

"வீட்ட வந்த ஆக்களுக்கு உப்புத் தண்ணியக் குடுக்கிறதா? என்ன கதை கா கதைக்கிறாய்? அகதி முகாமில வரிசையில நிண்டு கையேந்தினது காணும். இனி ஒருத்தரும் என்னைப் பாத்து ஐயோ பாவம் எண்டு சொல்லப்படாது."

"அப்ப அந்த மானத்தையே கரைச்சுக் குடி" என்றேன்.

அதற்குப் பிறகு, நாம் புகுந்து வந்துபோன வேலிப் பொட்டை நான் அடைத்துவிட்டேன்.

அடுத்த மாரியில், வாவித் தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டச் சுணங்கியது. வாவி ஏறி வளவுக்குள் வந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கப் போனோம். "வா கா" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கூப்பிட்டேன், அதை மறக்காதே. வரமாட்டேன் என்றாய். மறுபடியும் வரிசையில் நிற்க உன் மானம் விடவில்லை. கோயில் கிணற்றுக்குப் போகிற வழி இடுப்பளவு வெள்ளம். வயிற்றால் போய்ச் சுருண்டு கிடந்த உன்னைத் தோணியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வந்து சேரும்போது உனக்குப் பேச்சு இல்லை.

வெள்ளம் வடிந்ததும் உன் வீட்டைக் கழுவப் போனேன். அடுப்படி மேடையில் கோயில் கிணற்றுத் தண்ணீர்க் குடம். வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி, மேலே இந்தக் கிளாஸைக் கவிழ்த்து வைத்திருந்தாய். துணியை அவிழ்த்தேன். விளிம்பு வரை தண்ணீர் அப்படியே இருந்தது. வெள்ளத்துக்குள் எந்த விருந்தாளி வருவான் என்று அதை வைத்தாய்? குழி கலந்த கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு, நல்ல தண்ணீரைத் தொடாமல் செத்தாயே! மூளை இருந்ததா உனக்கு? அந்த இடத்திலேயே இருந்து உன்னைத் திட்டித் திட்டி அழுதேன்.

இந்த வருசம் மாரி பிந்திவிட்டது; போன கிழமை திரும்பவும் ஆட்கள் வந்தார்கள். இந்த முறை ஒரு இளம்பிள்ளை. நான் கதிரை இரவல் வாங்கவில்லை. வாசற்படியில் இருக்கச் சொன்னேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரை, கொதிக்க வைத்து ஆற்றியதை, உன் கிளாஸில் நிரப்பிக் கொடுத்தேன். அவள் முழுவதையும் குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்து, "நல்லா இரிக்கு அன்ரி" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் குரல் அடுத்த ஒழுங்கைக்குக் கேட்டிருக்கும். "பொய் சொல்லாத புள்ள! உப்பெண்டு சொல்லு!"

பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "வீடு வழிய போனா தாறதக் குடிக்கணும், முகம் சுளிக்கப்படாதெண்டு அம்மா சொன்னவ அன்ரி."

பார்த்தாயா? நீ செத்தும் சாகவில்லை. கொடுக்கிறவளும் மறைக்கிறாள், குடிக்கிறவளும் மறைக்கிறாள். பிறகு தண்ணீர் எங்கேயிருந்து வரும்? இன்னொரு கிளாஸ் வார்த்துக் கொடுத்தேன். "இப்ப குடி. குடிச்சு வடிவா முகத்தைச் சுளி. பிறகு எழுது." அவள் சுளித்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. கூட்டிக்கொண்டு போய்க் குழியைக் காட்டினேன், கிணற்றைக் காட்டினேன், உன் சுவரில் வெள்ளம் நின்ற கோட்டைக் காட்டினேன். உன்னைப் பற்றியும் சொன்னேன், ஒன்றும் மறைக்காமல். எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். குழாய் வருமோ வராதோ, எனக்குத் தெரியாது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. வேலிப் பொட்டை மட்டும் திரும்பப் பிரித்துவிட்டேன். இந்த வீட்டுக்கு இனி யார் வந்தாலும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், உன் கிளாஸில் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான்.

உனக்கு மட்டும் அது இல்லை. இன்று காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டுக்கு நானே நடந்தேன். முழங்கால் விண்விண்ணென்று வலிக்கிறது, அதற்கும் நீதான் காரணம். நாளைக்குப் படையலில் இந்தக் கிளாஸ் நிறையக் கோயில் கிணற்றுத் தண்ணீர் வைப்பேன். ஆரும் வந்தால் கொடுக்கலாம் என்று அங்கேயும் துணி கட்டி வைத்துவிடாதே.

குடி கா. நீயே குடி.